மலை ஸ்டேஜ்ல டீம் எதுக்குங்க? ஏத்தத்துல காத்தே பெரிசா இல்லியே

பல்லடம்காத்து:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க. சைக்கிள் ரேஸ் பத்தி ஒரு சந்தேகம். சமதரையில முன்னாடி போறவன் முதுகுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டா எவ்வளவு மிச்சம்னு எங்கூர்ப் பக்கம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லீங்க, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேகாத்துல பல்லடத்துல இருந்து மேக்க பாத்து ஒருதரம் மிதிச்சா போதும், முன்னால ஆள் இருந்தா 30ல போலாம், இல்லீனா 20 வர்றதே பெருசு. ஆனா மலையில? டூர் டி பிரான்ஸ்ல பெரிய பெரிய ஆளுகளே 8, 9 சதவீத ஏத்தத்துல 20 சொச்சம் கிமீ வேகத்துல தானுங்க போறாங்க, அந்த வேகத்துல காத்து பெரிய விசயமில்லியே, அப்பறம் எதுக்கு மலையடிவாரத்துல இருந்து டீமே வரிசை கட்டி இழுக்குது? கால்ல பலம் இருக்கறவன் மேல போயிருவான், இல்லாதவன் நின்னுருவான், அவ்வளவுதானே? 2025 கிரோவோட (இத்தாலில மூணு வாரம் நடக்கற ரேஸ்) 20வது ஸ்டேஜ், அதாவது 20வது நாள் ஓட்டம் பாத்தேன், சைமன் யேட்ஸ் தனியாப் போயி கிரோவையே ஜெயிச்சாருன்னு தான் எனக்குத் தெரிஞ்சுது, ஆனா பேசறவங்க எல்லாம் டீம் ஜெயிச்சுது டீம் ஜெயிச்சுதுன்னே சொல்றாங்க. யாராச்சும் வெளக்கமா சொல்லுங்க.

சின்னகியர்:
தம்பி நீ கேட்டது சரியான கேள்வி. என்னைக் கேட்டா மலையில ஒரே கணக்கு தான், ஒடம்பு எடைல கிலோவுக்கு எத்தன வாட்ஸ் பலம். 2024 டூர்ல பிளாட்டோ டு பெய் ஸ்டேஜ் பாத்தியா? விஸ்மா டீம் நாள் பூரா இழுத்துச்சு, கடைசி ஏத்தத்துல ஜோர்கன்சன் இழுத்து விட்டாரு, அவங்க லீடர் விங்கெகோர் அடிச்சாரு (திடீர்னு வேகமெடுத்துப் பிரியறது), எல்லாம் பிளான்படி. எதிர் டீம் லீடர் பொகாச்சர் அவரு சக்கரத்தை விடாம ஒட்டிட்டே வந்து கடைசி 5 கிமீ சொச்சம் இருக்கறப்ப அவரையே தாண்டிப் போயி 1 நிமிசத்துக்கு மேல வாங்கிட்டாரு. அத்தன பேர் இழுத்து என்ன ஆச்சு?

திம்பம்மேடு:
ரெண்டு பேரு சொல்றதுலயும் பாதி சரி இருக்குது, மீதிய நான் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்குங்க.

மொதல்ல காத்துக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேந்து 75 கிலோன்னு வெச்சுக்குவோம், 8 சதவீத ஏத்தம், 20 கிமீ வேகம். என்ற கணக்குல சுமாரா 375 வாட்ஸ் வேணும், அதுல 325க்கு மேல மலையே தின்னுரும், ரோட்டு உராய்வுக்கு 15 சொச்சம், காத்துக்கு ஒரு 30 தான். பின்னால ஒட்டிட்டுப் போனா அந்த 30ல ஒரு 10 மிச்சம். சின்னதாத் தெரியுதில்ல? ஆனா 40 நிமிசம் ஏர்ற மலையில அதே பலத்துக்கு அந்த 10 வாட்ஸ் கிட்டத்தட்ட ஒரு நிமிசம் தம்பி. டூரையே அதவிடக் கம்மி வித்தியாசத்துல ஜெயிச்சவங்க இருக்கறாங்க, 1989ல லெமாண்ட் ஜெயிச்சது 8 செகண்ட்ல.

அதே ஆளு சமதரையில 45ல போனா 400 வாட்ஸ்ல 350 காத்துக்கே போயிரும், அங்க ஒளிஞ்சுட்டா 100 வாட்ஸுக்கு மேல மிச்சம். இப்ப நீ ஒண்ணு யோசிக்கோணும். மலை ஸ்டேஜுன்னா காலைல இருந்து சாய்ங்காலம் வரைக்கும் மலை மட்டுமா? ரெண்டு மலைக்கு நடுவுல பள்ளம் இருக்குது, எறக்கம் முடிஞ்சு அடுத்த ஏத்தம் தொடங்கறதுக்குள்ள 10, 20 கிமீ சமதரை இருக்குது, அங்க தனியா மாட்டுனவன் கதி என்ன? டீம் வேல செய்யறது நெம்பவும் அங்க தான், டிவில ஏத்தத்தையே காட்டிட்டிருக்கறதால நம்ம கண்ணுக்கு அது படறதில்ல.

ஏத்தத்துல டீம் வரிசை கட்டறதுக்குக் காரணம் வேற. வேகத்தை ஒரே சீரா ஒசத்தி வெச்சுட்டா மத்தவன் அடிக்கறதுக்கே யோசிப்பான், ஏன்னா அந்த வேகத்துக்கு மேல இன்னும் கொஞ்சம் கூட்டி மிதிச்சா தான் பிரிஞ்சு போக முடியும், கூட்டி மிதிச்சவன் 2 கிமீல காலியாயிருவான். ஸ்கை டீம் 2012ல இருந்து விக்கின்ஸுக்கும் பொறவு ஃப்ரூமுக்கும் பண்ணுனது இதுதான். பாக்கறதுக்குச் சப்புன்னு இருந்துச்சுன்னு பலபேர் திட்டுனாங்க, ஆனா வேல செஞ்சுது. இன்னொண்ணு, அந்த வேகத்துல எதிராளியோட உதவி ரைடர்கள் ஒவ்வொருத்தரா உதிந்துருவாங்க, லீடர் மட்டும் தனியா நிப்பான். தனியா நிக்கறவனுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர ஆளில்ல, பஞ்சர் ஆனா சக்கரம் குடுக்க ஆளில்ல, யாராச்சும் அடிச்சா துரத்திப் பிடிக்கவும் அவனே தான் போகோணும்.

பல்லடம்காத்து:
அண்ணா இது புரியுதுங்க, ஆனா யேட்ஸ் விசயத்துல அவரு டீம் வரிசை கட்டி இழுத்த மாதிரியே தெரியலீங்களே? ஃபினஸ்ட்ரே மலையில அவரு தனியாத் தானே போனாரு.

திம்பம்மேடு:
அதான் அழகே. அந்த நாள எத்தன தடவ பாத்தாலும் எனக்குச் சலிக்காது, சொல்றேன் கேளு.

2025 மே 31, வெரெஸ்ல இருந்து செஸ்ட்ரியேர், 205 கிமீ. டெல் டோரோ பிங்க் ஜெர்சில (எல்லா நாள் நேரத்தையும் கூட்டி முன்னால நிக்கறவர் போடறது), கராபாஸ் 43 செகண்ட் பின்னால, யேட்ஸ் 1 நிமிசம் 21 செகண்ட் பின்னால. முக்கியமான மலை ஃபினஸ்ட்ரே, 18 கிமீக்கு மேல, சராசரியே 9 சதவீதத்துக்கு மேல, மேல்பாதில தார் ரோடே கெடையாது, மண்ணும் ஜல்லியுந்தான். அதோட முடியல, உச்சில இருந்து எறங்கி அப்பறம் செஸ்ட்ரியேருக்கு இன்னொரு 16 கிமீ ஏறோணும். அது 4 சதவீதம் கூட இல்ல. இந்த எடத்தை மனசுல வெச்சுக்கோ. 4 சதவீத ஏத்தத்துல வேகம் 30க்குப் பக்கம் போகும், அங்க காத்து மறுபடியும் பேசும், பின்னால ஒளிஞ்சவனுக்கு நெசமாவே மிச்சம்.

யேட்ஸோட விஸ்மா டீம் என்ன பண்ணுச்சு? வௌட் வான் ஆர்ட்டை காலைலயே பிரேக்ல (கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு முன்னால போற சின்னக் கும்பல்) அனுப்பி வெச்சுட்டாங்க. அவரு ஸ்டேஜ் ஜெயிக்கப் போகல, எல்லாருக்கும் முன்னாலயே ஃபினஸ்ட்ரேயை அவரு வேகத்துல ஏறி முடிச்சு அந்தப்பக்கம் நிக்கறதுக்குப் போனாரு. இந்தப்பக்கம் ஏத்தம் தொடங்குன ஒடனே கராபாஸ் டீம் வெடி மாதிரி வேகத்தைக் கூட்டுச்சு, டெல் டோரோவோட ஆளுக கழண்டுட்டாங்க, அவரு தனி ஆளு. கராபாஸும் டெல் டோரோவும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுட்டிருக்கறப்ப யேட்ஸ் பின்னால இருந்து வந்து சேந்தாரு, தாண்டுனாரு, போயிட்டாரு. உச்சி வரைக்கும் அவரு கால்பலம் தான், அதுல மாத்துப் பேச்சே இல்ல. எறக்கத்துல எறங்கி வந்தா அங்க வான் ஆர்ட் காத்திருக்காரு. பொறவு பள்ளத்துலயும் செஸ்ட்ரியேர் ஏத்தத்தோட அடியிலயும் அந்தப் பெரிய ஒடம்பு முன்னால, யேட்ஸ் பின்னால. அந்தக் காலத்துல பாரவண்டி மேடேற மாட்டாம நின்னா துணைக்கு இன்னொரு ஜோடி மாடு பூட்டி ஏத்தி விட்டுட்டு அவுத்துக்குவாங்கன்னு எங்க அப்புச்சி சொல்லுவாரு, அதாட்டத் தான் இழுத்து விட்டுட்டு ஒதுங்குனாரு. ஸ்டேஜை ஜெயிச்சது பிரேக்ல இருந்த கிறிஸ் ஹார்ப்பர், யேட்ஸ் மூணாவது, டெல் டோரோவும் கராபாஸும் அவருக்கு 5 நிமிசத்துக்கு மேல பின்னால வந்தாங்க. கிரோ முடிஞ்சுது, 3 நிமிசம் 56 செகண்ட்ல யேட்ஸ் கைக்குப் போச்சு.

சின்னகியர்:
அண்ணா வான் ஆர்ட் இழுத்தாருன்னு சொல்றீங்க, நான் ஒத்துக்கறேன். ஆனா அவரு இழுத்ததால மட்டுமா 5 நிமிசம் வந்துச்சு? பின்னால இருந்த ரெண்டு பேரும் மிதிக்கவே இல்லியே! டெல் டோரோ கராபாஸை இழுத்துட்டுப் போக மாட்டேன்னாரு, கராபாஸ் டெல் டோரோவை இழுக்க மாட்டேன்னாரு. அது விஸ்மாவோட கெட்டிக்காரத்தனமா, இல்ல அவிங்க ரெண்டு பேரோட பிடிவாதமா?

கோத்தகிரிக்காரி:
இடைல வர்றேன், மன்னிக்கோணும். சின்னகியர் தம்பி, அந்தப் பிடிவாதம் வரும்னு கணக்குப் போட்டுத் தான் யேட்ஸ் அந்த எடத்துல அடிச்சாரு. மூணாவது எடத்துல இருக்கறவனுக்கு எப்பவும் இந்த வசதி உண்டு, மொதல் ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தான் எதிரின்னு நெனச்சுட்டு இருப்பாங்க. டெல் டோரோ பக்கம் இருந்து யோசி. 43 செகண்ட் பின்னால இருக்கற கராபாஸ் உன் சக்கரத்துல ஒட்டிட்டிருக்கான், நீ முன்னால காத்துல இழுத்துட்டுப் போயி யேட்ஸைப் பிடிச்சா அடுத்த நிமிசம் ஒளிஞ்சு வந்த கராபாஸ் அடிப்பான். கராபாஸ் பக்கம் இருந்து யோசி, பிங்க் ஜெர்சி அவன்கிட்ட, அவன் தானே காப்பாத்தோணும், நான் எதுக்கு இழுக்கோணும்? ரெண்டு பேர் சொல்றதும் தனித்தனியா நியாயம், சேத்துப் பாத்தா ரெண்டு பேரும் தோத்தாச்சு. அங்க டெல் டோரோகிட்ட ஒரே ஒரு டீம்மேட் இருந்திருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல, அவன் முன்னால நின்னு இழுத்திருப்பான், இவரு பின்னால ஒக்காந்து கராபாஸைப் பாத்துட்டு வந்திருப்பாரு. டீம் எதுக்குன்னு தம்பி கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச நேரான பதில் இது.

நொய்யல்கரை:
அக்கா சொன்னது அப்பிடியே 2018லயும் நடந்துச்சு, அதே மலைல! கிரோ 19வது ஸ்டேஜ், ஃப்ரூம் 3 நிமிசம் 22 செகண்ட் பின்னால இருந்தாரு, ஃபினஸ்ட்ரே அடிவாரத்துல ஸ்கை டீம் வேகத்தைக் கூட்டிக் கூட்டி எல்லாரையும் ஒதறிட்டு அவரு முடிவுக்கு 80 கிமீ இருக்கறப்ப தனியாப் போனாரு. அன்னிக்கு பிங்க் ஜெர்சில இருந்து 38 நிமிசத்துக்கு மேல இழந்தது இதே சைமன் யேட்ஸ். ஏழு வருசம் கழிச்சு அதே மலைல அவரே கிரோவை எடுத்தாரு, அத நெனச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும்.

அன்னிக்கும் பின்னால ஒரு சின்னக் கூட்டம் இருந்துச்சு, டூமுலன், பினோ, ரைகன்பாக், லோப்பஸ், அப்பறம் இதே கராபாஸ். டூமுலன் எறக்கத்துல ரைகன்பாக் வரட்டும்னு காத்திருந்தாரு, பள்ளத்துல இழுக்க ஆள் வேணுமில்ல, ஆனா அதுலயே நேரம் போச்சு. லோப்பஸும் கராபாஸும் வெள்ளை ஜெர்சிக்கு (இளம் வீரர்கள்ல முன்னால நிக்கறவருக்குக் குடுக்கறது) ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு இருந்தாங்க, முன்னால வந்து இழுக்கவே இல்ல. ஃப்ரூம் சாய்ங்காலம் பிங்க் ஜெர்சி போட்டாரு.

இன்னொண்ணு, ஸ்கை அன்னிக்கு வழிநெடுக ஆளுகள நிறுத்தி பாட்டிலும் ஜெல்லும் குடுத்தாங்க. அவரு சட்டைப்பைல கனமா எதையும் வெச்சுக்காம அப்பப்ப வாங்கிக் குடிச்சுட்டே போனாரு. தனியா 80 கிமீ போனாருன்னு சொல்றோம், ஆனா மெக்கானிக்ல இருந்து மசாஜ் பண்றவர் வரைக்கும் ரோட்டோரம் நின்னு வேல பாத்தது டீம் வேல இல்லீங்களா?

பல்லடம்காத்து:
ஆமாங், தனி ஆளுன்னு நெனச்ச ரெண்டு வெற்றிலயும் பின்னால இவ்வளவு இருக்குதுன்னு இப்பத் தான் தெரியுது. அப்ப முன்னாலயே ஆள அனுப்பி வெக்கறது புதுசா வந்த தந்திரமுங்களா?

திம்பம்மேடு:
பழசு தான். நான் பாத்ததுல 2011 டூர், 18வது ஸ்டேஜ், அது ஒரு பாடம். ஆண்டி ஷ்லெக் இசோவார் மலைல முடிவுக்கு 60 கிமீ இருக்கறப்ப அடிச்சாரு. முன்னால பிரேக்ல அவரு டீம்ல ரெண்டு பேர், போஸ்துமாவும் மோன்ஃபோரும். ஒருத்தர் மலைல இழுத்தாரு, இன்னொருத்தர் எறக்கத்துக்கு அப்பறம் பள்ளத்துல எதிர்காத்துல இழுத்தாரு, ஷ்லெக் கலிபியே உச்சில ஜெயிச்சாரு. ஆனா இதுல எனக்கு ஷ்லெக்கை விட கேடல் எவன்ஸைத் தான் நெம்பப் பிடிக்கும். பின்னால கூட்டத்துல அத்தன பேரும் கைவிரிச்சுட்டாங்க, ஒருத்தர் கூட இழுக்கல. எவன்ஸ் யாரையும் பாக்காம தானே முன்னால போயி காத்துலயே கடைசி வரைக்கும் இழுத்தாரு. வித்தியாசத்தை 2 நிமிசம் 15 செகண்டோட நிறுத்திட்டாரு, ரெண்டு நாள் கழிச்சு டைம் டிரையல்ல (ஒவ்வொருத்தரா தனியா நேரம் பாத்து ஓட்டறது) டூரையே எடுத்துட்டாரு. 2025ல டெல் டோரோ செய்யாம விட்டது இதத்தான். இழுத்திருந்தா பிங்க் ஜெர்சி நின்னாலும் நின்னிருக்கும், நின்னு பாத்துட்டிருந்ததுல ரெண்டாவது எடம் தான் கிடைச்சுது.

கோத்தகிரிக்காரி:
பெண்கள் டூர் யாரும் பேசமாட்டீங்கறீங்க, நானே சொல்றேன். 2024. அஞ்சாவது ஸ்டேஜ்ல முடிவுக்கு கொஞ்சம் முன்னால டெமி வோலரிங் மஞ்சள் ஜெர்சில (டூர்ல மொதல் எடத்துக்கு) இருக்கறப்ப விழுந்துட்டாங்க, 1 நிமிசம் 47 செகண்ட் போச்சு. அதே நாள் அவங்க டீம்லயே பிளாங்கா வாஸ் ஸ்டேஜை ஜெயிச்சாங்க! லீடர் பின்னால அடிபட்டு தனியா மிதிச்சுட்டு வர்றப்ப முன்னால இருந்தவங்க நின்னு இழுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அப்ப இருந்து பேசிட்டே இருக்கறாங்க. கடைசி நாள் கிளாண்டான் மலைல வோலரிங் அடிச்சு, கூட ரோய்யாக்கர்ஸ் மட்டும் ஒட்டிட்டுப் போயி ஆல்ப் துயேஸ் உச்சிலயும் ஜெயிச்சுட்டாங்க. காசியா நியெவியாடோமா 1 நிமிசம் 1 செகண்ட் பின்னால வந்தாங்க. டூர் அவங்களுக்குத் தான் போச்சு, 4 செகண்ட்ல! ஆம்பளைங்க டூர்லயும் சரி பொம்பளைங்க டூர்லயும் சரி இதவிடக் கம்மி வித்தியாசம் கெடையாது.

அந்த 4 செகண்ட் எங்க போச்சுன்னு தேடுனா நான் கிளாண்டானுக்கும் ஆல்ப் துயேஸுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தைத் தான் காட்டுவேன். காசியா கூட இருந்த சின்னக் கூட்டத்துல வேற டீம்காரங்களும் அவங்கவங்க எடத்தைக் காப்பாத்த இழுத்தாங்க, அவங்களுக்குக் காசியா மேல பாசமெல்லாம் இல்ல, ஆனா ஒட்டுக்கா போனா எல்லாருக்கும் லாபம்.

சின்னகியர்:
எல்லாம் சரி, நல்லாவும் சொல்றீங்க, ஆனா நான் விடப்போறதில்ல. 2025 டூர் ஹௌடகாம் ஸ்டேஜை எடுத்துக்குங்க. பொகாச்சர் அடிவாரத்துலயே அடிச்சு உச்சில விங்கெகோரை 2 நிமிசம் 10 செகண்ட் பின்னால விட்டாரு. விஸ்மாகிட்ட இல்லாத டீமா? ஒரு ஆள் அந்த அளவு பலமா இருந்தா முன்னால ஆள் அனுப்பி, பின்னால ஆள் வெச்சு என்ன தான் பண்ண முடியும்?

திம்பம்மேடு:
ஒண்ணும் பண்ண முடியாது, அத நான் மறுக்கல. வித்தியாசம் அவ்வளவு இருந்தா தந்திரம் நிக்காது. ஆனா அந்த நாள்ல கூட பாரு, அடிவாரத்துல பொகாச்சர் டீம் நர்வாயெஸ் ஸ்பிரிண்ட் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாரு, அதோட எல்லாரும் நார்நாரா கிழிஞ்சாங்க, அதுக்கு அப்பறம் தான் பொகாச்சர் போனாரு. பலசாலிக்கும் யாராச்சும் கதவைத் தொறந்து விடோணும்.

மறுபக்கம் 2022 டூருக்கு வா. அப்ப பொகாச்சர் ரெண்டு டூர் ஜெயிச்சிருந்தாரு, தொடக்கூட முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. 11வது ஸ்டேஜ், ஆல்பெர்வில்ல இருந்து கிரானான் மலை. நடுவுல கலிபியே, 2642 மீட்டர். விங்கெகோர் டீமுக்கு அப்பப் பேரு ஜம்போ விஸ்மா. அதே டீம்ல இருந்த ரோக்ளிச் அதுக்கு முன்னாலயே விழுந்து தோள்பட்டை எறங்கி, தான் ஜெயிக்கற வாய்ப்பு போயிருச்சுன்னு தெரிஞ்ச ஆளு. அவரையும் விங்கெகோரையும் வெச்சு மாத்தி மாத்தி அடிச்சாங்க, ஒருத்தர் அடிப்பாரு பொகாச்சர் தொரத்திப் பிடிப்பாரு, பிடிச்ச ஒடனே இன்னொருத்தர் அடிப்பாரு, அடிக்காத நேரம் அவரு ஓய்வுல இருப்பாரு. பொகாச்சருக்கு ஓய்வே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் அவரே பதில் சொன்னாரு, சிரிச்சுட்டே சொன்னாரு. அந்தச் சிரிப்பெல்லாம் கிரானான்ல தீந்து போச்சு. 11 கிமீ, 9 சதவீதத்துக்கு மேல, கடைசி 5 கிமீக்குள்ள விங்கெகோர் போனாரு, 2 நிமிசம் 51 செகண்ட் வாங்குனாரு. அன்னிக்குக் கலிபியேல பொகாச்சர் ரெண்டு மூணு அடியை விட்டுட்டு சும்மா இருந்திருந்தா கிரானான்ல கால் இருந்திருக்கும்னு நான் நம்பறேன், ஏன்னா ரோக்ளிச் பின்னால போக வேண்டிய தேவையே அவருக்கு இருக்கல, ரோக்ளிச் பட்டியல்ல எங்கியோ பின்னால இருந்தாரு. யாரைத் தொரத்தோணும் யாரை விடோணும்னு அந்தச் சூட்டுல மூச்சுவாங்கறப்ப முடிவெடுக்கறது தான் கஷ்டம்.

ஒரு வாரம் கழிச்சு ஹௌடகாம். காலைல இருந்து பிரேக்ல இருந்த வான் ஆர்ட் கடைசி ஏத்தத்துல இழுத்து பொகாச்சரையே கழட்டி விட்டாரு! பச்சை ஜெர்சி போட்ட ஆளு, ஸ்பிரிண்ட் ஜெயிக்கற ஆளு, மலையேறவே பொறந்த ஒடம்பில்ல. கிலோவுக்கு எத்தன வாட்ஸ்னு மட்டும் கணக்குப் போட்டா இது நடந்திருக்கவே கூடாது சின்னகியரு.

சின்னகியர்:
2022க்கு நான் தலை வணங்கறேன் அண்ணா, அது டீம் ஜெயிச்ச டூர். ஆனா என்ற கருத்து இது தான், ரெண்டு பேர் பலம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா டீம் முடிவு பண்ணும், எட்டாத தூரம் இருந்தா கால் முடிவு பண்ணும். அதுல இருந்து நான் எறங்க மாட்டேன்.

நொய்யல்கரை:
அதுக்கும் டீம் ஒத்துமையா இருக்கோணும். 2024 டூர்ல நாலாவது ஸ்டேஜ் கலிபியேல பொகாச்சரோட யூஏஈ டீம் இழுக்கறப்ப அயூசோ பின்னாலயே ஒளிஞ்சுட்டு வர்றாருன்னு அல்மெய்டா கையைக் காட்டி முன்னால வா வான்னு கூப்பிட்டது ஞாபகம் இருக்குதுங்களா? அன்னிக்கு பொகாச்சர் ஜெயிச்சதால அது பெருசாகல. தோத்திருந்தா?

பல்லடம்காத்து:
நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாங்க பசங்க ஆறு பேர் ஆடில வால்பாறை போலாம்னு இருக்கோம், பல்லடத்துல இருந்து பொள்ளாச்சி, ஆழியாறு, அப்பறம் 40 கொண்டை ஊசி. அதுல ஒருத்தன் மட்டும் நல்லா ஏறுவான், அவனை மேல வரைக்கும் எவ்வளவு சீக்கிரம் கொண்டு போகலாம்னு பாக்கோணும்னு ஆசை. இந்தத் தந்திரமெல்லாம் எங்களுக்கு ஆகுங்களா?

திம்பம்மேடு:
ஏன் ஆகாது? பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரைக்கும் ஆடில காத்து எதிர்லயும் பக்கவாட்டுலயும் வாங்கும், அங்க உங்க ஏத்தக்காரன் ஒரு தடவ கூட முன்னால வரக்கூடாது, வர்றேன்னு சொன்னாலும் விடாதீங்க. மீதி அஞ்சு பேர் மாத்தி மாத்தி இழுங்க, காத்து மேக்க இருந்து அடிக்கறதால அவன் இழுக்கறவனுக்குக் கெழக்கால ஒதுங்கி வரட்டும், ஆனா வண்டி போற ரோடு, ரெண்டு பேருக்கு மேல அகலமாப் போக வேண்டாம். ஆழியாறு செக்போஸ்ட்ல அவனோட பாட்டிலை நீங்க ரொப்பிக் குடுங்க, வாழப்பழம் கடலமிட்டாய் எல்லாம் உங்க பைல இருக்கட்டும், அவன் பை காலியா இருக்கட்டும். ஏத்தம் தொடங்குன ஒடனே வேகமா இழுக்காதீங்க, அவன் பேசிட்டே போற அளவுக்கு ஒரே சீரா போங்க.

கோத்தகிரிக்காரி:
ஒருத்தன ஒரு மணி நேரம் முன்னாலயே கெளப்பி அட்டகட்டிக்கு அனுப்பி வெச்சிரு தம்பி. உங்காளு வந்து சேர்றப்ப அவன் தண்ணியோட, ஓய்வெடுத்த காலோட நிப்பான். அட்டகட்டிக்கு மேல ரோடு கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு வரும், எஸ்டேட்டுக்கு நடுவுல சமதரையும் எறக்கமும் இருக்கும், அங்க அவன் முன்னால இழுக்கட்டும். மேல மழையும் பனிமூட்டமும் இருக்கும், ரெயின் ஜாக்கெட்டும் முன்னால போறவன் பைல ரெண்டா இருக்கட்டும். லைட் கட்டாயம் போடுங்க, பொழுதெறங்கறதுக்குள்ள வால்பாறை போய்ச் சேந்துருங்க, அந்த ரோட்டுல யானை வரும்.

பல்லடம்காத்து:
முன்னால போக ஆள் முடிவு பண்ணியாச்சுங்க அக்கா, எங்கள்ல நெம்ப ஒசரமா அகலமா இருக்கறவன், ஏத்தத்துல மெதுவா வருவான் ஆனா சமதரைல எமன். காலைல நாலரைக்கே கெளப்பறோம்.